மஞ்சள் பூவுக்கு எது சொந்த ஊர்?

போன மாதம் குன்னூரில் தெரிந்த அக்கா ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் அரை சென்ட் இடத்தைக் கொத்திக் களை பொறுக்கி வைத்திருந்தார். “இங்கே கோல்டன்ராட் வைக்கப்போறேன். மண்ணுக்குச் சொந்தமான செடியாம். ஒருதரம் நட்டா வருஷா வருஷம் தானா துளிர்க்குமாம். தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் ரொம்ப நல்லதாம்” என்றார். அவர் படித்த கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது அமெரிக்க மண்ணுக்காக எழுதப்பட்டது.

நம்பிக்கை: கோல்டன்ராட் மண்ணின் செடி.

எந்த மண்ணின் செடி என்பதுதான் கேள்வி. பூங்கொத்துகளில் ரோஜாவுக்கும் ஜெர்பராவுக்கும் நடுவே இட்டு நிரப்பும் அந்த மஞ்சள் பூங்கதிர்தான் கோல்டன்ராட். சூரியகாந்திக் குடும்பம். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஓர் இனம் ஐரோப்பாவிலிருந்து இமயமலை வரை பரவியிருக்கிறது. நீலகிரிக்கென்று ஓர் இனமும் இல்லை.

அமெரிக்காவில் அதைக் கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற பூக்கள் ஓய்ந்துபோகும் இலையுதிர் காலத்தில் அது பூக்கிறது. கனடாவிலிருந்து மெக்சிகோவுக்குப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதுதான் வழிச்சோறு. அங்கே பல வகை அந்துப்பூச்சிப் புழுக்கள் அதன் இலையைத் தின்று வளர்கின்றன. செடியும் பூச்சியும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்த உறவு அது. குன்னூரில் நட்டால் தேனீ வரும், தேன் குடிக்கும். அதற்கு மேல் அங்கே நடக்கும் எதுவும் இங்கே நடக்காது.

அதே செடி ஊர்விட்டு ஊர் போனால் என்ன செய்யும் என்பதும் தெரிந்த கதைதான். 1930-களில் அலங்காரச் செடியாகச் சீனாவுக்குப் போன கனடா கோல்டன்ராட், இன்று அங்கே வயலோரங்களையும் தரிசுகளையும் மூடிக்கொண்ட களை. ஐரோப்பாவிலும் அதே பாடு. மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓடும். மேலே பஞ்சுவிதை காற்றில் பறக்கும். வருஷா வருஷம் தானே துளிர்க்கிறது என்று நாம் மெச்சும் குணம்தான் அங்கே அதைக் களையாக்கியது.

நம்பிக்கை: அந்தப் பூவை வீட்டில் வைத்தால் தும்மல் வரும்.

இது அநியாயப் பழி. அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது; பூச்சியின் காலில் ஒட்டிப்போகுமே தவிர காற்றில் மிதந்து மூக்குக்கு வராது. அமெரிக்காவில் அதே பருவத்தில் பூக்கும் ராக்வீட் என்ற செடியின் குற்றத்தை இதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

நம்பிக்கை: ஊட்டியில் செழிப்பதெல்லாம் ஊட்டிச் செடி.

இதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன், இதுதான் அதிகம் வருத்துகிறது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். 1848-இல் மெக்ஐவர் வந்து ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். 1874-இல் குன்னூரில் சிம்ஸ் பூங்கா. குளிர்நாட்டுப் பூக்கள் எல்லாம் இந்த மலையில் உயிர்பிடித்தன. எரிவிறகுக்கென 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் வந்தன. சதுப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும் காலா லில்லி தென்னாப்பிரிக்கப் பூ. இரண்டு நூற்றாண்டாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் இவை நம்முடையவை என்று தோன்றுகிறது.

மஞ்சள் பூவிலேயே நமக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்று இரண்டு புதர்ச்செடிகளை வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். பூத்தால் குன்றுக்கே தங்கமுலாம் பூசியதுபோல் இருக்கும். சுற்றுலா வருபவர்கள் நின்று படமெடுக்கிறார்கள். புரூமின் காய் வெயிலில் படீரென்று வெடித்து விதையைத் தள்ளி எறியும். அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தோட்ட வேலியைத் தாண்டிய அது முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் புல்வெளிக்குள் போய்விட்டது. வெட்ட வெட்ட மீண்டும் முளைக்கிறது. வரையாடு மேய வேண்டிய புல் அதன் அடியில் செத்துப்போகிறது. உண்ணிச்செடியும் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்ததுதான். தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் இதைக் கேட்டதும் வெளிநாட்டுச் செடி என்றாலே கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். தேயிலையும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வந்தவைதான். அவை காட்டுக்குள் தாமாக ஓடவில்லை. மறுபக்கத்தையும் பாருங்கள். கோத்தகிரிச் சாலையோரம் கூறுகட்டி விற்கும் தவிட்டுப்பழம் நம் மலையின் சொந்தச் செடி. இளஞ்சிவப்புப் பூவும் நாவில் நிற்கும் இனிப்புமாகப் பிள்ளைகளின் தின்பண்டம். அதே தவிட்டுச்செடியை அழகுக்காகக் கொண்டுபோய் நட்ட ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் அது வனத்தை விழுங்கும் களை. நம் தவிட்டுச்செடி அங்கே செய்வதை அவர்களுடைய கோல்டன்ராட் இங்கே செய்யாது என்று நம்பி நடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை: நம் மலையில் தோட்டத்துக்கு வைக்கிற மாதிரி என்ன இருக்கிறது? வெறும் புல்தானே.

அந்தப் புல்லைத் தரிசு என்று எழுதிவைத்ததால்தான் அதன்மேல் சீகையை நட்டார்கள். சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் இந்த மலை. உறைபனி விழும் திறந்த சரிவில் சோலை மரக்கன்று கருகிவிடும். புல்லும் புல்வெளிப் புதர்களும் தாங்கும். சதுப்பில் வளரும் ஒரு வகைப் புல்லைக் கொண்டுதான் தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்கிறார்கள். நீலகிரியைத் தவிர வேறெங்கும் அது கிடையாது.

தங்க நிறம்தான் வேண்டும் என்றால் ஹைபெரிகம் மைசூரென்ஸ் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கை மலைக்கும் சொந்தமான புதர். ஐந்து இதழ், உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத் தோன்றும் பெரிய பொன் பூ. பல்லாண்டு வாழும். அதன் பக்கத்தில் தவிட்டுச்செடி வைத்தால் பழம் தின்னப் பறவையும் வரும். குறிஞ்சியை மட்டும் யோசித்து நட வேண்டும்: பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை உதிர்த்துவிட்டுச் செடி இறந்துபோகும். 2006-இலும் 2018-இலும் பெருமளவில் பூத்ததே, அவை ஒரே செடிகள் அல்ல, தாயும் பிள்ளையும்.

நம்பிக்கை: காட்டில்தானே இருக்கிறது, ஒரு செடி பிடுங்கி வந்தால் என்ன?

வேண்டவே வேண்டாம். 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நீலக்குறிஞ்சியைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாகச் சேர்த்திருக்கிறது. பிடுங்குவது தண்டனைக்குரிய குற்றம். பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை போல இம்மண்ணின் செடிகளை நாற்றங்காலில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தவிட்டுக்கு நன்றாகப் பழுத்த பழத்தின் விதையே போதும்.

சொந்த மண் செடிக்குப் பராமரிப்பே வேண்டாம் என்பதும் பாதி உண்மைதான். வேர் பிடிக்கும்வரை முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். நீலகிரி முழுக்க ஒரே மண்ணும் இல்லை. கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி மழைதான் பெரியது. மசினகுடியின் வறண்ட காட்டுச் செடி தொட்டபெட்டாவில் தாங்காது. நாற்று வாங்கும்போது எந்த உயரத்தில் எடுத்த விதை என்று கேளுங்கள்.

அக்கா கோல்டன்ராட்டை முழுக்க விட்டுவிடவில்லை; ஆசைக்கு ஒன்று வாசல்படியில் தொட்டியில் இருக்கட்டும் என்றார். பூ வாடியதும் விதை பஞ்சாகுமுன் கதிரை வெட்டிவிட வேண்டும், மீதி வேரை ஓடைப் பக்கம் கொட்டவே கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கொத்திவைத்த சரிவுக்கு மூன்று ஹைபெரிகம் நாற்றும் இரண்டு தவிட்டும் சொல்லிவைத்திருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்ததும் நட வேண்டும்.