சுருட்டுக்கு இலை தேர்வும் கலவையும்

திண்டுக்கல் வட்டாரம் சுருட்டுக்குப் பெயர் பெற்றது. சுருட்டுப் புகையிலைக்கென வேடசந்தூரில் 1948-ல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இங்கு கையால் சுருட்டுச் சுற்றுவோர் முதலில் கவனிப்பது இலையின் எரியும் தன்மையையே. காரத்தைக் கலவையால் கூட்டலாம், குறைக்கலாம். எரியாத இலையைக் கலவை காப்பாற்றாது.

நீரும் உரமும்

உப்புநீர் பாய்ச்சிய புகையிலையில் குளோரைடு மிகுந்துவிடும். அத்தகைய இலை ஈரத்தை இழுக்கும். சுருட்டு அணைந்து அணைந்து போகும். இதை மெல்லும் புகையிலையாக விற்பதே நல்லது. சுருட்டுக்கு நல்ல நீர்க் கிணறு வேண்டும். சாம்பல் சத்தை மியூரியேட் ஆப் பொட்டாஷாக இடாமல் சல்பேட் ஆப் பொட்டாஷாக இட வேண்டும். சாம்பல் சத்து போதிய அளவில் இருந்தால் இலை சீராக எரியும்.

இலைப் பிரிவு

அடி இலை மெல்லியது, காரம் குறைவு, நன்கு எரியும். மண் ஒட்டியிருந்தால் உதறிச் சுத்தம் செய்ய வேண்டும். நடு இலை அகலமானது. அதில் கிழிசல், ஓட்டை, புள்ளி இல்லாததையும் நரம்பு மெல்லியதையும் மேல்சுற்றுக்குத் தனியே எடுத்து வைக்க வேண்டும். நுனி இலை தடித்தது, காரம் மிக்கது. நுனி கிள்ளிச் சிம்பு ஒடித்தால் காரம் மேலும் ஏறும். மூன்றையும் ஒரே சிப்பத்தில் கட்டினால் நல்ல இலைக்கும் மட்ட இலையின் விலையே கிடைக்கும்.

பதம்

உலர்ந்த இலையை அடுக்கிப் பட்டறை போட வேண்டும். சூடு ஏறியதும் பிரித்து, உள்ளிருந்த இலை வெளியே வரும்படி மாற்றி அடுக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி அடங்கும் வரை இவ்வாறு செய்வது அவசியம். பூஞ்சணம் பிடித்த இலையை நீக்கிவிட வேண்டும்.

கலவை

முதலில் நடு இலை இரு பங்கு, அடி இலை ஒரு பங்கு, நுனி இலை ஒரு பங்கு என உள்ளே வைத்துச் சில சுருட்டுகள் மட்டும் சுற்றிப் பார்க்கலாம். காரம் மிகுந்தால் நுனி இலையைக் குறைக்க வேண்டும். உள்ளிலையின் நடு நரம்பை உரித்து நீக்கினால் காற்று தடையின்றி இழுக்கும்.

கலக்குமுன் ஒவ்வொரு வகையிலும் ஓர் இலையின் ஓரத்தில் கனல் வைத்துப் பார்க்க வேண்டும். கனல் சீராகப் பரவி வெண்சாம்பல் விழுந்தால் நல்ல இலை. கருகி அணைந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

எச்சரிக்கை: ஈரப் பச்சை இலையை வெறுங்கையால் ஒடித்தால் நிகோடின் தோல் வழியே ஏறி மயக்கமும் வாந்தியும் உண்டாகும். கையுறை அணிவது அவசியம். சுருட்டுப் புகை உடல் நலத்துக்குக் கேடு.