மே மாதத்துக் குற்றாலம்

அன்புள்ள தம்பிக்கு,

சின்ன வயதில் சித்தி, பெரியம்மா பிள்ளைகளோடு வேன் பிடித்துப் போன குற்றாலத்துக்கு இப்போது உன் பிள்ளைகளைக் கூட்டிப் போனதாகவும், பாறையில் நூலாக வழிந்த தண்ணீரைப் பார்த்து மனசே விட்டுப்போனதாகவும் எழுதியிருக்கிறாய். "குற்றாலம் முடிந்துவிட்டதா, இல்லை என் நினைவுதான் பொய்யா?" என்று கேட்கிறாய். போனது மே மாதத்தில் என்பதைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்கிறாய். முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அதுதான்.

மே மாதத்தில் போய்விட்டு, அருவி செத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற கணக்கில் இங்கேயும் வந்துவிடுகிறார்கள். அந்த ஊர்கள் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன; அங்கே குளிர்ச்சியைத் தருவது உயரம். குற்றாலமோ மலையடிவாரத்து ஊர், 200 மீட்டர்கூடத் தேறாது. காற்று வராத நாளில் தென்காசி வெயில்தான் அங்கேயும்.

அந்தக் காற்றைப் பற்றி நான் வகுப்பில் சொன்னதை நீ சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரைக்கு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறித்து, மழையில் பெரும்பகுதியை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. ஆனி ஆடியில் கொல்லம் நனைந்துகொண்டிருக்க, தூத்துக்குடி காய்வது இதனால்தான். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலைத்தொடர் தணிந்து ஒரு கணவாய் இருக்கிறது. கொல்லம் போகும் சாலையும் 1904-இல் ஓடத் தொடங்கிய ரயிலும் அதன் வழியாகத்தான் மலையைக் கடக்கின்றன. ஈரக்காற்றும் அதே வழியில் நுழைந்து தென்காசி வட்டாரம் முழுக்கச் சாரலாக இறங்குகிறது. வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். துண்டு காயாது, ஆனாலும் யாரும் குடை பிடிக்க மாட்டார்கள். ரயிலுக்கு வழிவிட்ட அந்தக் கணவாய்தான் குற்றாலத்துச் சாரலுக்கும் வழி என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

மலைமேல் பெய்த மழை சிற்றாறாகத் திரண்டு, தேனருவி, செண்பகாதேவி என்று இறங்கிவந்து பேரருவியாக விழுகிறது. அடுத்த முறை பேரருவியைச் சற்றுத் தள்ளி நின்று பார். தண்ணீர் நேரே தரைக்கு வருவதில்லை. நடுப்பாறையில் பொங்குமாங்கடல் என்ற பெரிய குடைவு; அதில் விழுந்து, நிரம்பி, பொங்கி வழிந்து, வேகம் குறைந்து, அகலமாக விரிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அந்தக் குடைவு மட்டும் இல்லையென்றால் பேரருவியின் அடியில் ஒரு மனிதரும் நின்று குளித்திருக்க முடியாது.

உன் நினைவு பொய்யில்லை. உன் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. அப்பா மங்குஸ்தான் பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து நெரித்து உடைத்ததையும், தோலின் ஊதாக் கறை உன் வெள்ளைச் சட்டையில் பட்டு அம்மா திட்டியதையும் எழுதியிருக்கிறாய். குற்றாலக் கடைகளில் மங்குஸ்தான் குவிவது சாரல் காலத்தில். ஆகவே நீங்கள் போனது கோடை விடுமுறையில் இல்லை. பள்ளிக்கு மட்டம் போடவைத்து அப்பா உங்களைக் கூட்டிப் போயிருக்கிறார். அவரையே கேட்டுப் பார்.

மாறியவை மாறத்தான் செய்தன. விடுதிகள் பெருகின, கூட்டம் பெருகியது. தனியார் விடுதிகள் ஓடைகளைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிய விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. இதற்காகக் கோபப்படு, நியாயம் இருக்கிறது. பருவக்காற்று வருமுன்னே போய்விட்டு அருவியைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை வாசித்திருக்கிறாயா? தேர்வுக்குப் படித்ததைக் கேட்கவில்லை. நான் அதை ஒவ்வோர் ஆனியிலும் எடுத்துவிடுவேன். மலைவளம் பாடும் பகுதியை வாய்விட்டுப் படித்தால்தான் அதன் துள்ளல் தெரியும். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியிருந்து, கவிதையை இப்படி வாய்விட்டுப் பாடிச் சுவைக்கும் வழக்கத்தைத் தம்மைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் தொற்றவைத்தார். 1954-இல் அவர் காலமானதும் அங்கேதான். அவர் எழுதிய கடிதங்களையும் தேடிப் படி. கைப்பேசியில் அருவியைப் படம் பிடிக்கும் நேரத்தில் பாதி போதும்.

ஆடியில் போ. சனி ஞாயிறு வேண்டாம், வார நாளில் விடியற்காலையில் போ. குளித்து முடித்ததும் பிள்ளைகளைச் சித்திரசபைக்குக் கூட்டிப் போய்ச் சுவரோவியங்களைக் காட்டு. அருவிக்கு வருகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. தண்ணீர் கலங்கி வந்தாலோ, காவலர் விசில் ஊதினாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வெளியே வந்துவிடு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. கோடை மழையிலும் அப்படி வரும். அப்பாவுக்கு உடம்பு ஒத்துழைத்தால் அவரையும் கட்டாயம் அழைத்துப் போ. பேரருவிக் கூட்டத்தில் அவரை நிறுத்தாதே. ஐந்தருவியில் கூட்டம் குறைவான கிளையாகப் பார்த்து நிறுத்து. போய்வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்