திரும்பி வரும் மெட்டு

கள்ளக்குறிச்சி

அன்பு மகளே,

அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களின் பின்னணி இசையில் உனக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்தி அனுப்பியிருக்கிறாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய்: வெள்ளிமலையில் உட்கார்ந்துகொண்டு ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவது, கடன் வாங்கியாவது, வாத்திய ஒலிகளைப் பதிந்து வைத்த ஒரு நல்ல சாம்பிள் லைப்ரரி வாங்கிவிடலாமா? நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு பாடுகிற குழு. நீ கேட்பது வயலின், செல்லோ, ஹார்ன் என்று வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசிக்கிற கூட்டத்தை. இப்போதைக்கு வாங்காதே என்பதுதான் என் யோசனை. செலவுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. உன் பட்டியலில் இருக்கும் இசையை உயர்த்தியது வாத்தியங்களின் எண்ணிக்கை என்று நீ நினைக்கிறாய். அந்த இசைக்கு ஞாபகசக்தி உண்டு, அதுதான் அதை உயர்த்தியது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சினிமா இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடரோ ஆண்டுக்கணக்கில் ஓடும். இடையில் பார்ப்பவர் மறப்பார், பாத்திரங்கள் சாவார்கள், எழுதுபவர்களே மாறுவார்கள். அத்தனையையும் கட்டி வைக்கிற கயிறு மெட்டுதான். 1963இல் பிபிசியில் 'டாக்டர் ஹூ' தொடங்கியபோது ரான் கிரெய்னர் எழுதிய முகப்பு இசையை டெலியா டெர்பிஷயர் ஆர்கெஸ்ட்ரா இல்லாமலேயே உருவாக்கினார். ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிச் செய்த வேலை அது. 2005இல் தொடர் மறுபிறவி எடுத்தபோது மர்ரே கோல்டு அதே மெட்டுக்கு வயலின்களையும் ஹார்ன்களையும் சேர்த்தார். நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒலி முழுக்க மாறிவிட்டது. ஆனாலும் தாத்தாவும் பேரனும் கேட்டது ஒரே மெட்டைத்தான். கச்சிராயபாளையத்திலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை ஒரு மாதிரி தெரியும், சங்கராபுரத்திலிருந்து வேறு மாதிரி தெரியும். மலை ஒன்றுதானே?

திரும்பத் திரும்ப வாசித்தாலே ஞாபகம் ஆகிவிடுமா என்று நீ கேட்கலாம். ஆகாது. 1967இல் வந்த 'ஸ்டார் டிரெக்' பகுதி ஒன்றில் கிர்க்கும் ஸ்பாக்கும் மோதும் காட்சிக்கு ஜெரால்டு ஃபிரைடு முரட்டுத்தனமான ஓர் இசை எழுதினார். நண்பன் நண்பனையே கொல்ல வேண்டிய கட்டம் என்பதால் அங்கே அது உடம்பை உலுக்கியது. பிறகு சிக்கனம் கருதி அதையே வேறு பகுதிகளின் சண்டைகளுக்கும் எடுத்து ஒட்டினார்கள். அந்த மோதலின் வலி கழன்றுபோய், 'இதோ சண்டை' என்று அறிவிக்கும் மணியாக அது தேய்ந்துவிட்டது. மாறாமல் திரும்புவது அடையாளச் சீட்டு. மாறித் திரும்புவதுதான் ஞாபகம். நம் சங்கீதத்தில் இதற்குச் சங்கதி என்று பெயர் உண்டு. பல்லவியின் அதே வரி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ந்து வரும். வளரும்போதுதான் முதல் முறை கேட்டது மனசில் நிலைக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் 2004இல் தொடங்கிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'. இதன் மூலத்தொடர் 1978இல் வந்தபோது ஸ்டூ பிலிப்ஸின் இசையை லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் வாசித்தது. விண்வெளி என்றால் எக்காளம் முழங்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். புதிய தொடருக்கு இசையமைத்த பேர் மெக்ரியரி அந்த முழக்கத்தை ஒதுக்கிவிட்டு, ஆர்மீனியரின் துடுக் குழல், ஜப்பானியரின் டைக்கோ மேளம், தந்தி வாத்தியங்கள் சில என்று தொடங்கினார். முதல் பருவத்தின் முடிவில் வரும் 'பாஸகாலியா' தந்திகளுக்கான சிறு படைப்பு. ஓர் அடித்தள வரிசை விடாமல் சுழல, அதன் மேல் மெட்டு படிப்படியாக ஏறுகிறது. ஆனால் அவருடைய உண்மையான சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒதுக்கிய 1978 முழக்கத்தை அவர் தூக்கி எறியவில்லை. கதைக்குள்ளே அழிந்துபோன நாட்டின் கீதமாக அதை வைத்தார். 2009இல், கடைசிப் பகுதியில், கப்பல்கள் சூரியனை நோக்கிச் செல்லும்போது அது மறுபடி ஒலிக்கிறது. ஒரு தலைமுறையின் வெற்றி முழக்கம் அடுத்த தலைமுறைக்கு வழியனுப்பும் பாட்டாகிவிட்டது. எத்தனை வயலின் சேர்த்தாலும் அந்தக் கனம் வராது. முப்பது ஆண்டுகள் சேர்த்துக் கொடுத்த கனம் அது.

பெரிய இசைக்கே இடமில்லையா என்று நீ மடக்குவாய். இருக்கிறது. 1990இல் 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' பகுதிக்கு ரான் ஜோன்ஸ் எழுதியது பெரிய இசைதான். தலைவனே எதிரியாகி நிற்கும் அந்தக் கட்டத்துக்கு அது தேவைப்பட்டது. ஆனால் பின்னணி இசை காட்சியை மிஞ்சக் கூடாது என்பது தயாரிப்பாளர் ரிக் பெர்மனின் கொள்கை. நான்காம் பருவத்தோடு அத்தொடரில் ஜோன்ஸின் பங்கு முடிந்தது. இருவரில் யார் பக்கம் நிற்பது என்றால், நான் ஜோன்ஸ் பக்கம். காதில் விழாத இசையை யாரும் நினைவில் வைக்க முடியாது, ஞாபகம் என்ற வேலையே அங்கே நடக்காது. அதே சமயம், எல்லாக் காட்சியிலும் முழங்குகிற இசையும் நினைவில் நிற்பதில்லை. சிம்பொனியின் கணக்கு வேறு. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜா அரங்கேற்றிய 'வேலியண்ட்' கதையின் துணை இல்லாமல் தானே நிற்க வேண்டிய படைப்பு. அதற்கு முழு ஆர்கெஸ்ட்ரா வேண்டும். பின்னணி இசைக்கோ பாதி பலம் கதையிலிருந்து வருகிறது.

இதைக் கற்றுக்கொள்ள நீ லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக வேண்டாம். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தும் ஒரு தொடர்தான்: இரவுக்கு ஒரு பகுதி, விடிய விடிய. திரைக்குப் பின்னால் நிற்கும் வேஷக்காரர் முகம் காட்டுவதற்கு முன்பே பாட்டு அவரை அறிவித்துவிடும். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் சேர்ந்தாலும் கை விரல்களில் எண்ணிவிடலாம். துகில் நாளன்று அவிழ்ந்த திரௌபதியின் கூந்தல் படுகளத்தன்று முடியப்படும்போது, ஊர் அழுவது அன்றைய காட்சிக்காக மட்டுமா? இடையில் போன இரவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். கூவாகத்தில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்ட ஆட்டமும் பாட்டும் அடுத்த நாள் தாலியறுத்து வைக்கும் ஒப்பாரியாவதும் இந்தக் கணக்குத்தான்.

ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதே. வயலின்களின் மேல் ஒரு பறையை ஒட்டிவைத்து 'மண்ணின் இசை' என்று பெயர் வைக்கச் சொல்லவும் இல்லை. 'கேலக்டிகா'வின் முகப்பிலேயே ரிச்சர்டு கிப்ஸ் காயத்ரி மந்திரத்தைப் பாட வைத்திருக்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அறியாத காதுக்கு அது வெறும் புதுமை. அறிந்த காதுக்கோ அதன் பொருளும் கதையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது. கூத்திலிருந்து எடுக்க வேண்டியது வாத்தியத்தை அல்ல, முறையை. எது எப்போது வர வேண்டும், வந்தது எப்படி மாறித் திரும்ப வேண்டும் என்பதை எடுத்துக்கொள்.

ஆகவே பிடித்த துண்டுகளை மட்டும் கோர்த்து வைத்துக் கேட்பதை நிறுத்து. ஒரே தொடரை எடுத்துக்கொள். ஒரு மெட்டு முதல் பகுதியில் எங்கே வருகிறது, கடைசியில் எங்கே வருகிறது, நடுவில் எதை இழந்தது, எதைச் சேர்த்துக்கொண்டது என்று நோட்டில் குறித்து வா. மெட்டு கதைக்கே வழிகாட்டுவதையும் அப்போது பார்ப்பாய்: 'கேலக்டிகா'வின் முடிவுப் பகுதிகளில் ஒரு சிறுமி புள்ளிகள் வரைகிறாள். அவை ஸ்வரங்கள் என்று பிறகு தெரிகிறது. அந்த ஸ்வரங்களையே எண்களாக்கிக் கப்பலைச் செலுத்தும்போது, பூமிக்கு வழி கிடைக்கிறது. குறித்து முடித்தபின் உன்னிடம் இருக்கும் மடிக்கணினியில், ஒரே ஒரு செல்லோ ஒலியில், எட்டு ஸ்வரங்களில் ஒரு மெட்டு எழுது. அதை ஒரு பிறப்புக்கும் ஒரு பிரிவுக்கும் ஒரு திரும்பிவருதலுக்கும் மாற்றி எழுதி, வரிசையாக யாருக்காவது போட்டுக் காட்டு. மூன்றாவது வரும்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டு 'இது முன்னாடியே வந்ததே' என்றால் எனக்கு எழுது. லைப்ரரி வாங்குவதைப் பற்றி அப்போது பேசலாம்.

அன்புடன்,
உன் பெரியப்பா