குன்றோரத்து ஊர் ஒன்றுக்கு வழி

அன்பு மகளுக்கு,

பிரேஷாவில் வகுப்புகள் தொடங்கிவிட்டன, வார விடுமுறையில் எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்கிறாள் என்று உன் அம்மா சொன்னாள். வெனிஸுக்கும் வெரோனாவுக்கும் கூடப் படிக்கிறவர்களே அழைத்துப் போய்விடுவார்கள். பெரியப்பாவின் யோசனை வேறு. முதலில் காஸ்டில்யோனே தெல்லே ஸ்டிவியேரேக்குப் போய் வா. கார்டா ஏரிக்குத் தெற்கே, சிறு குன்றுகளின் சரிவில், மாந்துவா மாவட்டத்தில் இருக்கிற ஊர். இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். ரயில் கிடையாது, பேருந்துதான்.

நமக்கும் அந்த ஊருக்கும் உறவு உண்டு. வீரமாமுனிவர் 1680 நவம்பர் 8 அன்று பிறந்தது அங்கேதான். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடியவரும், சதுரகராதியைத் தொகுத்தவரும், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் தந்தவரும் அந்தத் தெருக்களில் ஓடியாடிய பிள்ளைதான். ஆனால் அவர் பெயரை மட்டும் தேடிக்கொண்டு போகாதே. பிறந்த மண்ணில் அவர் காலத்துக்கு முன்பே ஒரு பெரிய கதை பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஊரை ஆண்டது கோன்சாகா குடும்பம். அதன் மூத்த மகன் லூயிஜி, 1568-இல் அங்கிருந்த கோட்டையில் பிறந்தவன். தந்தை எவ்வளவோ தடுத்தும் கேளாமல், 1585-இல் ஆட்சியுரிமையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தான். ரோமில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்து, தானும் நோயுற்று 1591 ஜூன் 21 அன்று இறந்தான். அப்போது வயது 23. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்று கொண்டாடுவது இவரைத்தான். உடல் ரோமில் இருக்கிறது. தலையோடு மட்டும் பிறந்த ஊரில், அவர் பெயரால் எழுந்த பெருங்கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்ப்பிள்ளை ஒருவர் 1698-இல் அதே சபையில் சேர்ந்து, பிறகு கடல் கடந்து தமிழ்நாடு வரை வந்ததில் வியப்பில்லை என்றே பெரியப்பாவுக்குத் தோன்றுகிறது.

1796 ஆகஸ்ட் 5 அன்று நெப்போலியன் ஆஸ்திரியப் படையை முறியடித்ததும் இந்த ஊரருகேதான். அதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நேரம் கொடுக்க வேண்டியது 1859-க்கு.

அந்த ஆண்டு ஜூன் 24. பக்கத்துக் குன்றில் இருக்கும் சோல்ஃபெரினோவைச் சுற்றி, பிரான்சும் சார்டீனியாவும் ஒரு பக்கம், ஆஸ்திரியா மறுபக்கம் என்று விடியற்காலையிலிருந்து மாலைவரை போர். மூன்று நாட்டு மன்னர்களும் களத்தில் இருந்தார்கள். செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று கணக்கு ஏறத்தாழ 40,000. மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. வண்டி வண்டியாகக் காயக்காரர்கள் காஸ்டில்யோனேயில் வந்து இறங்கினார்கள். சில நாட்களில் ஊர்க்காரர்களைவிட அவர்கள் எண்ணிக்கை மிகுந்தது. கோயில், மடம், வீடு எல்லாம் நிரம்பி, தெருவில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள்.

ஞானப்பிரகாசியார் கோயில் அல்லாமல், ‘பெரிய கோயில்’ எனப்படும் மற்றொரு கோயிலுக்குள் மட்டும் சுமார் 500 பேர். ஊர்ப் பெண்கள் காயம் கழுவினார்கள், கட்டுப் போட்டார்கள், கஞ்சி ஊட்டினார்கள். சிறுவர்கள் வாளியும் குடுவையுமாக ஊற்றுக்கும் கோயிலுக்கும் ஓடி ஓடித் தண்ணீர் சுமந்தார்கள். இன்னார் நம் பக்கத்துச் சிப்பாய், இன்னார் எதிரி என்று அவர்கள் பார்க்கவில்லை. அடிபட்டவன் எந்த நாட்டவனானாலும் சகோதரன்தான் என்பதே அந்தப் பெண்களின் பேச்சாக இருந்தது.

அப்போது அங்கே வந்து சேர்ந்தவர்தான் ஜெனீவா வணிகர் ஹென்றி டுனான்ட். அல்ஜீரியாவில் தம் தொழிலுக்கு அனுமதி கேட்டு மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்க வந்தவர், வந்த வேலையை விட்டுவிட்டு அந்தப் பெண்களோடு சேர்ந்துகொண்டார். தம் வண்டிக்காரரைப் பிரேஷாவுக்கு, அதாவது நீ இப்போது இருக்கும் ஊருக்கு, அனுப்பி வாங்கிவரச் சொன்னவை: எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சாமந்திப்பூ வகை மூலிகை, சட்டை, கட்டுத்துணி, குண்டூசி, புகையிலை. 1862-இல் அவர் எழுதிய புத்தகத்தால் அடுத்த ஆண்டே செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1864-இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை. 1901-இல் முதல் அமைதி நோபல் பரிசைப் பெற்ற இருவரில் அவரும் ஒருவர்.

டுனான்டின் பெயரை உலகம் அறியும். தண்ணீர் சுமந்த சிறுவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், செஞ்சிலுவை அருங்காட்சியகத்துக்கு நேராகப் போய்விடாதே. முதலில் பெரிய கோயிலுக்குள் போய்ச் சற்று உட்கார். அத்தனை பேரை அந்தத் தரையில் கிடத்தினால் நடப்பதற்கு எங்கே இடம் இருந்திருக்கும் என்று பார். அதன் பிறகு அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய தூக்குக்கட்டில்களையும் குதிரை வண்டிகளையும் பார்த்தால், அவை எந்தத் தேவையிலிருந்து வந்தவை என்று தானாகவே விளங்கும்.

சோல்ஃபெரினோவுக்கும் போகத்தான் வேண்டும். அங்கே சான் பியேத்ரோ கோயிலில், பலிபீடத்தின் பின்னால், போரில் இறந்தவர்களின் மண்டையோடுகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தத் தலை எந்த நாட்டுடையது என்று பிரிக்கவில்லை. படம் எடுக்கத் தோன்றினாலும் எடுக்காதே.

எப்போது போவது என்றால், ஜூன் கடைசியில் போ. 21 ஞானப்பிரகாசியார் திருநாள். போர் நாளையொட்டிய ஒரு மாலையில், பல நாட்டுச் செஞ்சிலுவைத் தொண்டர்கள் சோல்ஃபெரினோவிலிருந்து காஸ்டில்யோனே வரை தீப்பந்தம் ஏந்தி நடப்பார்கள். மேடு பள்ளமான பாதை, நல்ல செருப்பாகப் போட்டுக்கொள். தேர்வுத் தேதி தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
பெரியப்பா