டீசல் ஃபில்டர் மாற்றலாம், வாங்க!



நம்ம நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர். என் அப்பாவும் லாரி ஓட்டுநர்தான். அவர் ஃபில்டர் மாற்றும்போது பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

ஏன் ஃபில்டர்?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை வேகமாக அழுத்தினால் சூடாகும் அல்லவா? அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். டீசலைப் புகைபோலத் தூவுவது இன்ஜெக்டர். அதன் துளைகள் மிக நுண்ணியவை. மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் பம்ப், இன்ஜெக்டர் இரண்டும் கெடும். ஃபில்டர் செலவுக்கு யோசித்தால் பம்ப் செலவு பல ஆயிரத்தில் வந்து நிற்கும். நடுவழியில் வண்டி நின்றால் ஏற்றிய தக்காளியும் அழுகிவிடும்!

தேவையான பொருட்கள்

1. அந்த வண்டிக்கே உரிய புது ஃபில்டர், ரப்பர் வளையம், வாஷர்
2. ஸ்பேனர் செட், ஃபில்டர் கழற்றும் பெல்ட்
3. பழைய டீசல் பிடிக்க அகலமான தட்டு
4. நூல் பிரியாத சுத்தமான துணி (வேஸ்ட் பஞ்சு கூடாது, இழை உள்ளே போகும்)
5. கையுறை, கண்ணாடி

செய்முறை (பழைய மாடல் லாரி)

1. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போடணும். என்ஜின் ஆறணும்.
2. ஃபில்டரைச் சுற்றியுள்ள தூசியை முதலில் துடைக்கணும். கழற்றிய பிறகு துடைத்தால் தூசி உள்ளே விழும்.
3. அடியில் உள்ள வடிகால் திருகைத் திறக்கணும். தண்ணீர் டீசலைவிட அடர்த்தி கூடியது, அதனால் அடியில்தான் தங்கும்.
4. பழையதைக் கழற்றி, புது ரப்பர் வளையத்தில் டீசல் தடவிக் கையாலேயே இறுக்கணும். ஸ்பேனரால் முறுக்கினால் வளையம் நசுங்கிக் கசியும்.
5. ஃபில்டரின் நடு ஓட்டையில் கேன் டீசலை ஊற்றவே கூடாது. அது வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அங்கே ஊற்றினால் அழுக்கு நேராக பம்புக்குப் போகும்.
6. கடைசியாக ‘ஏர் எடுக்கணும்’. ஏர் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்தால் நுரையாக வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை மூடணும். திரவத்தை எளிதில் அழுத்த முடியாது, காற்றை அழுத்தலாம். காற்று இருந்தால் அழுத்தம் ஏறாது, வண்டி ஸ்டார்ட் ஆகாது.

எச்சரிக்கை!

* பீடி, சிகரெட், தீக்குச்சி பக்கத்திலேயே வரக்கூடாது.
* என்ஜின் ஓடும்போது கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். இன்ஜெக்டர் குழாயில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோலச் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.
* 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 லாரிகளில் அழுத்தம் இன்னும் பல மடங்கு. அவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.
* பழைய டீசலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். நம்ம கிணற்றுத் தண்ணீர்தான் கெடும்.

இந்த வேலைக்குப் பலத்தைவிடச் சுத்தம்தான் முக்கியம். பெரியவர் துணையில்லாமல் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

சிந்திக்க: தண்ணீர் டீசலைவிட அடர்த்தி குறைந்ததாக இருந்தால், வடிகால் திருகை எங்கே வைக்கணும்? விடையை அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்!

– 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்