பேறுகால ஆபத்தும் இணையவழி ஒத்திகையும்

ஏற்றம் இறைத்த நாளில், மிதிப்பவரும் சால் பிடிப்பவரும் ஒத்தியங்கினால்தான் நீர் வயலுக்கு ஏறியது என்பதை நாம் அறிவோம். மருத்துவப் பணியும் அத்தகையதே. பிரசவத்திற்குப் பின் தாய்க்கு அரை லிட்டரோ அதற்கு மேலோ இரத்தம் போயின், ஒருவர் கருப்பையைத் தேய்த்துவிட வேண்டும். ஒருவர் ஆக்ஸிடோசின் செலுத்த வேண்டும். இன்னொருவர் நாடியைக் கவனித்துக் குறிக்க வேண்டும். தாமதம் உயிரைப் போக்கும். ஆகவே மருத்துவக் குழுவினர் பொம்மையைக் கொண்டு முன்கூட்டியே ஒத்திகை செய்கின்றனர்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவி, ஓரிடத்தில் கூட இயலாதபோது, பல நாடுகளில் இப்பயிற்சி இணையவழிக்கு மாறியது. பயிற்சியாளர் நோயாளியின் நிலையையும், மாறிவரும் நாடி, இரத்த அழுத்த எண்களையும் திரையில் காட்டுவார். குழுவினர் பொறுப்புகளைப் பங்கிட்டுக்கொள்வர். கட்டளையைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வார். செய்து முடித்ததும் அறிவிப்பார். இறுதியில் குறைநிறைகளை அனைவரும் ஆராய்வர். தொலைவிலுள்ள சிற்றூர்ச் செவிலியரும் பணியிடம் விட்டு அகலாமல் இதில் கலந்துகொள்ளலாம்.

எனினும், கைப்பழக்கம் திரையால் வாராது. அதனை நேரிலேயே பழகுதல் வேண்டும். இரண்டையும் இணைத்துக்கொள்வதே நலம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையற்ற மின்சாரமும் இணைய வசதியும் உள்ளனவா என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் கேட்டறிதல் வேண்டும். தாயைக் காக்கும் பணியில் நமக்கும் பங்குண்டு.