வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன்

ஜோகுபாளையத்திலிருந்து வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குக் கிளம்புகிறீர்களா? முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். ‘இசிஆர்’ என்று இருந்தால், சவுதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பத்தாவது பாஸ் செய்தவர்கள் சான்றிதழைக் காட்டி ‘இசிஆர்’ குறிப்பை நீக்கிக்கொள்ளலாம்.

ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்பதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். அவருக்கான கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், கூடவே ஜிஎஸ்டி. அதற்கு மேல் கேட்டால் தாலிக்கொடியை அடகு வைக்க ஓடாதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

“டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்” என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே வேண்டாம். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் எழுதிய ஒப்பந்தத்தின் நகலும் விசா நகலும் வீட்டு பீரோவில், அம்மாவின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.